சிபேப் இயந்திரம் ஒத்துவராதவர்களுக்கு வேறு என்ன வழி?

பாலக்கோட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: சொந்தமாக லாரி ஓட்டும் உங்கள் தந்தைக்கு வயது 54. பெங்களூரில் எடுத்த உறக்கப் பரிசோதனையில் அவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘உறக்க மூச்சுத்தடை’ (ஸ்லீப் ஆப்னியா) இருப்பதாகவும், அதன் கடுமையைக் காட்டும் ஏ.எச்.ஐ. எண் 34 என்றும், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 78 விழுக்காடு வரை இறங்கியது என்றும் அறிக்கை வந்திருக்கிறது. அதற்காக வாங்கிக் கொடுத்த, முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சிபேப் இயந்திரம் இரண்டு மாதங்களில் பரணுக்குப் போய்விட்டது. முகமூடி மூச்சை அடைக்கிறது, விடிந்தால் வாய் வறண்டு கிடக்கிறது, மின்சாரம் போனால் திணறி எழ வேண்டியிருக்கிறது என்பவை அவர் சொல்லும் காரணங்கள். இப்போது பல் மருத்துவர் செய்து தரும் கிளிப், லேசர் அறுவை, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், எடை குறைக்கும் ஊசி என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள்; இவற்றில் எதை நம்புவது என்கிறீர்கள். தருமபுரியில் நுரையீரல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அவரை நேரில் பார்க்காமல் எழுதுவதால் இதை மருந்துச் சீட்டாகக் கொள்ளாமல், அடுத்த முறை மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, அடிநாக்கும் உள்நாக்கும் பின்னால் சரிந்து மூச்சு வழி மூடிக்கொள்வதே இந்த நோய். பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும், கணிசமாகக் குறைந்து ஆக்சிஜனை இறக்குவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை நிகழ்கிறது என்று எண்ணுவதுதான் ஏ.எச்.ஐ. அது 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமையானது. 1981ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வெளியிட்ட சிபேப் முறை, மூக்கு வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, சரிந்து விழும் அந்தச் சுவருக்குக் காற்றாலேயே முட்டுக் கொடுக்கிறது. அடைப்பு நாக்கின் பின்னால் இருந்தாலும் அண்ணத்தின் பின்னால் இருந்தாலும் காற்று அங்கே போய்ச் சேரும் என்பதுதான் அதன் பலம். அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறக்கூடிய மற்ற பல வழிகளுக்கும் அதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடும் இதுதான்.

ஆனால் பரணில் இருக்கும் இயந்திரம் யாருடைய தொண்டையையும் திறந்து வைப்பதில்லை. இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஏ.எச்.ஐ. 40 உள்ள ஒருவர் ஏழு மணி நேரம் உறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிபேப் போட்டிருக்கும்போது அது 3ஆகக் குறைகிறது; ஆனால் அவர் மூன்றரை மணி நேரத்தில் முகமூடியைக் கழற்றி எறிந்துவிடுகிறார். முழு இரவுக்கும் சராசரி பார்த்தால் 21க்கு மேல் வந்துவிடும். அதே நபர், எண்ணிக்கையைப் பாதியாக மட்டுமே குறைக்கும் ஒரு பல் கருவியை (நீங்கள் கிளிப் என்று எழுதியிருப்பது) விடியும் வரை அணிந்திருந்தால் சராசரி 20. சிட்னியிலேயே நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டையும் ஒரு மாத காலம் ஒப்பிட்டது. எண்ணிக்கையைக் குறைப்பதில் சிபேப் தெளிவாக முன்னே நின்றது; பல் கருவியை மக்கள் அதிக நேரம் அணிந்தார்கள்; இரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்ற உடல்நலப் பலன்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, ‘சிபேப்பை விடச் சிறந்தது எது?’ என்று தேடுவதை விட, ‘உங்கள் தந்தை இரவு முழுவதும் உண்மையாகவே பயன்படுத்தக்கூடியது எது?’ என்று தேடுவதே பயன் தரும்.

இந்தக் கேள்விக்குப் பதிலாக சில வேளைகளில் அதே சிபேப்பே திரும்ப வந்து நிற்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் சொல்லும் மூன்று குறைகளுமே பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. வாய் வறள்கிறது என்றால் காற்று வாய் வழியே கசிகிறது என்று பொருள்; அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு மூக்கடைப்பு இருக்கும். புழுதியிலும் டீசல் புகையிலும் நாள் முழுக்க இருப்பவருக்கு மூக்குச் சவ்வு வீங்கியிருப்பதில் வியப்பில்லை. ஸ்டீராய்டு கலந்த மூக்கு ஸ்ப்ரேயைச் சில வாரங்கள் முறையாகப் பயன்படுத்தினாலே முகமூடி பொறுக்கக் கூடியதாகிவிடுவது உண்டு. அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்கை மூடும் முகமூடி சரியாகப் படியாது, விளிம்பில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும்; மீசையை எடுக்கச் சொல்வது நம் ஊரில் நடக்காத காரியம் என்பதால், மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறு மெத்தை வகையைக் கொடுத்துப் பார்க்கலாம். அழுத்தம் திடீரென முகத்தில் அறைவதாகத் தோன்றினால், குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும் ‘ராம்ப்’ வசதியும், மூச்சுக்கு மூச்சு தேவையைப் பார்த்து அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ வகையும் இருக்கின்றன.

மின்சாரத்துக்கும் வழி உண்டு. ஈரப்பதமூட்டியையும் சூடாக்கும் குழாயையும் நிறுத்திவிட்டால் சிபேப் இழுக்கும் மின்சாரம் வெகுவாகக் குறையும். வீட்டு இன்வெர்ட்டரே அதைத் தாங்கும். பல இயந்திரங்களுக்கு வாகன பேட்டரியிலிருந்து ஓடுவதற்கான அடாப்டரை அந்தந்த நிறுவனமே விற்கிறது என்பது லாரி கேபினில் உறங்குபவர்களில் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. ஈரப்பதமூட்டியில் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருந்தால் நம் மாவட்டத்து உப்பு அதன் அடியில் வெள்ளைப் படிவமாகப் படிந்திருக்கும். வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகும் ஒத்துவரவில்லை என்றால்தான் அது உண்மையான தோல்வி. இயந்திரத்தின் நினைவக அட்டையில் ஒவ்வோர் இரவின் பயன்பாட்டு நேரமும் கசிவும் பதிவாகியிருக்கும். மாற்று தேடிப் போகும் முன் அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து பல் கருவி. நீங்கள் கேட்ட நான்கில் உங்கள் தந்தைக்கு அதிகம் பொருந்தக்கூடியது இதுதான் என்பது என் கருத்து. மேல் பல்வரிசையிலும் கீழ்ப் பல்வரிசையிலும் தனித்தனியாகப் பொருத்தி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்து நிறுத்துவதுதான் இதன் வேலை. தாடை முன்னே வந்தால் அதோடு ஒட்டிய நாக்கும் முன்னே வரும். பின்னால் வழி திறக்கும். லேசான, நடுத்தர நோய்க்கு இது நன்றாக வேலை செய்யும். கடுமையான நோயில் பலன் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் சிபேப்பை ஏற்க முடியாதவரைச் சிகிச்சையே இல்லாமல் விடுவதை விட இதைக் கொடுப்பது மேல் என்பதே அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமியின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இணையத்தில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் மலிவான வகை வேண்டாம். அது நழுவும், தாடையின் அளவையும் நுணுக்கமாகக் கூட்ட முடியாது. பல் அச்செடுத்துச் செய்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக முன்னுக்கு நகர்த்தக்கூடிய வகையே வேண்டும். இதில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர்களைச் சேலத்திலோ பெங்களூரிலோ தேட வேண்டியிருக்கும்.

இங்கே நம் மண்ணுக்கே உரிய இரண்டு இடையூறுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வரும் வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்கள் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரையே குடித்து வந்தன. உங்கள் தந்தையின் வயதுக்காரர்களுக்குப் பால்ய வயதிலேயே பல்லில் கறை படிந்திருக்கும். கறை மட்டும் என்றால் கருவிக்கு அதனால் தீங்கில்லை. எனாமல் குழி விழுந்து பல் ஓரங்கள் பொரிந்து போயிருந்தாலோ, பற்கள் விழுந்து ஒவ்வொரு வரிசையிலும் எட்டுப் பற்களாவது உறுதியாக இல்லாமல் போனாலோ கருவிக்குப் பிடிமானம் கிடைக்காது. சர்க்கரை நோயால் ஈறு தேய்ந்து பல் ஆடுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். மற்றொன்று பான்மசாலாவும் வாயில் அதக்கும் புகையிலையும். இரவுப் பயணத்தில் கண் சொக்காமல் இருக்க இதைப் போடும் ஓட்டுநர்கள் ஏராளம். பாக்கு கலந்த பொருளை ஆண்டுக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உட்சவ்வு நார் போல் இறுகி, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காத நிலை வரும். அந்த நிலையில் அச்செடுப்பதே கடினம், தாடை முன்னே வருவதும் அரிது. பல் மருத்துவரிடம் போகும்போது இந்தப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்; அந்த இறுக்கம் புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்பதால் அதைத் தனியாகவும் கவனிக்க வேண்டும்.

கருவி அணிந்த முதல் சில வாரங்களில் எச்சில் ஊறும், காலையில் தாடை மூட்டு வலிக்கும், கடி சற்று மாறியது போலிருக்கும். பெரும்பாலும் இவை அடங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அணியும்போது பற்கள் மெல்ல இடம் மாறக்கூடும் என்பதால் அவ்வப்போது பல் மருத்துவர் பார்க்க வேண்டும். குறட்டை நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து நோய் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது. சத்தம் அடங்கி மூச்சு நிற்பது மட்டும் தொடர்வது உண்டு. கருவியை அணிந்தபடியே மறுபடி ஒரு உறக்கப் பரிசோதனை எடுத்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் கையில் இருக்கும் பழைய அறிக்கையிலேயே செலவில்லாத ஒரு தகவல் இருக்கிறது. மல்லாந்து படுத்தபோது ஏ.எச்.ஐ. எவ்வளவு, ஒருக்களித்துப் படுத்தபோது எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். மல்லாந்த நிலையில் உள்ள எண் மற்றதைப் போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், படுக்கும் நிலையை மாற்றுவதே சிகிச்சையில் ஒரு பங்காகிவிடும். முதுகுப்புறம் பை தைத்து டென்னிஸ் பந்தை வைத்த பனியன் பழைய உத்தி. புரண்டால் அதிர்ந்து உணர்த்தும் சிறு கருவிகளும் வந்திருக்கின்றன. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துச் சற்று உயர்த்துவதும் ஓரளவு உதவும். தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி எதிர்விளைவுதான் மிஞ்சும். 34 என்ற எண்ணுக்கு இது மட்டும் போதாது, ஆனால் பல் கருவியோடு சேரும்போது மதிப்புள்ளது.

எடையைப் பற்றி ஊசியிலிருந்தே தொடங்குகிறேன். டிர்செபடைடு என்ற ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில், உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்கென்று ஏற்றுக்கொண்டது. இந்நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது. அதற்கு அடிப்படையான ஆய்வில், ஓராண்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஏ.எச்.ஐ. சராசரியாக மணிக்கு 25 முதல் 29 முறை குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்கு 5 முறை அளவில்தான் குறைந்தது. இந்தியாவில் அம்மருந்து 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 39. நம் ஊரில் பி.எம்.ஐ. 26, 27 இருப்பவர்களுக்கே கடுமையான மூச்சுத்தடை வருகிறது. ஆசிய மக்களுக்குத் தாடை அமைப்பு குறுகலாக இருப்பது அதற்கு ஒரு காரணம். அத்தகையவருக்கு இந்த ஊசி அதே அளவு பலன் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் செலவு, குமட்டல், தசை இழப்பு, நிறுத்தினால் திரும்ப ஏறும் எடை ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணைய அழற்சி வந்தவர்களுக்கு இது உகந்ததா என்று மருத்துவர் தீர யோசிக்க வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இது கூடவே கூடாது. உங்கள் தந்தையின் எடையையும் உயரத்தையும் நீங்கள் எழுதவில்லை, பி.எம்.ஐ. 30க்கு மேல் என்றால், குறிப்பாகச் சர்க்கரையும் இருந்தால், இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதில் அர்த்தம் உண்டு.

ஊசி இல்லாமலும் எடை குறையும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நடந்த ஆய்வு ஒன்று, உடல் எடை பத்து விழுக்காடு குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறத்தாழ 26 விழுக்காடு குறைவதையும், பத்து விழுக்காடு கூடினால் 32 விழுக்காடு கூடுவதையும் 2000ஆம் ஆண்டில் காட்டியது. கேழ்வரகுக் களி சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. களி நல்ல உணவுதான், ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு இரவு பதினொரு மணிக்கு இரண்டு உருண்டை சாப்பிட்டு உடனே படுப்பவருக்கு அது கேழ்வரகா அரிசியா என்பது பெரிய வேறுபாட்டைத் தராது. இரவில் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுவது எடையை விடவும் விரைவாகப் பலன் தரும், ஏனென்றால் மது தொண்டைத் தசையை அதே இரவிலேயே தளர்த்துகிறது. தூக்க மாத்திரைகளில் பலவும் அவ்வாறே. தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று ஒரு இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை வாங்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் அந்த இயந்திரம் சும்மா கிடப்பதால், ‘ஆக்சிஜன்தானே குறைகிறது, ஆக்சிஜனையே கொடுத்தால் என்ன’ என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது. மூடிக்கொண்ட தொண்டையை ஆக்சிஜன் திறப்பதில்லை. விரலில் மாட்டும் மானி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, மூச்சு நிற்பதும் மூளை விழிப்பதும் தொடரும். சிலருக்கு மூச்சு நிற்கும் நேரம் நீளவும் செய்யும். அதிகப் பருமனால் பகலிலேயே கரியமில வாயு தேங்கியிருப்பவர்களுக்கு அது மேலும் ஏறி மயக்கம் வரை கொண்டுபோய்விடக் கூடும். அவர்களுக்குத் தேவைப்படுவது, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வெவ்வேறு அழுத்தம் தரும் பைபேப் போன்ற வேறு வகை இயந்திரம்.

அறுவையில் பல வகை உண்டு, எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம். உள்நாக்கையும் அண்ணத்தையும் லேசரால் சுடும் முறையை உறக்க மூச்சுத்தடைக்கு அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி பரிந்துரைப்பதில்லை. உங்களிடம் சொல்லப்பட்டது அதுவானால் விட்டுவிடுங்கள். வளைந்த மூக்குத் தண்டை நேராக்குவது தனியாக நோயைத் தீர்க்காது, ஆனால் முகமூடியையோ பல் கருவியையோ பொறுத்துக்கொள்ள வைக்கும். டான்சில் பெருத்துத் தொண்டையை அடைத்திருந்தால் அதை எடுப்பது பெரியவர்களுக்கும் பலன் தரும். குழந்தைகளுக்கு அதுவே முதல் சிகிச்சை. அண்ணத்தை வெட்டித் தைக்கும் அறுவையின் பலன் ஆளுக்கு ஆள் மாறும். மருந்தால் உறங்க வைத்து, தொண்டைக்குள் கேமரா விட்டு, எந்த இடம் சரிகிறது என்று பார்த்த பிறகே அதை முடிவு செய்ய வேண்டும். மேல், கீழ்த் தாடை எலும்புகள் இரண்டையும் வெட்டி முன்னே நகர்த்தும் அறுவை பலனில் மிக வலிமையானது, உடல் தாங்க வேண்டிய சுமையிலும் அப்படித்தான். நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் கருவியை மார்பில் பதிக்கும் முறை 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; 126 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டில் ஏ.எச்.ஐ.யின் நடுமதிப்பு 29லிருந்து 9க்கு இறங்கியது. செலவு பல லட்சம் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

நாக்குக்கும் தொண்டைக்குமான பயிற்சிகளை, மற்றவற்றோடு துணையாக மட்டும், தாராளமாகச் செய்யலாம். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற ஊதுகுழலை நான்கு மாதம் பழகியவர்களுக்கு நோய் குறைந்ததாக 2006இல் ஒரு சிறிய சுவிட்சர்லாந்து ஆய்வு சொன்னது. இரட்டை நாணல் சீவாளி வைத்த மேற்கத்தியக் கருவிகளை வாசிப்பவர்களுக்கு இந்நோயின் அபாயம் குறைவாகத் தெரிவதாக 2012இல் இன்னொன்று வந்தது. நாதஸ்வரமும் இரட்டைச் சீவாளிக் கருவிதான். நம் வித்வான்களை யாராவது உறக்கப் பரிசோதனைக்கு உட்படுத்திப் பார்த்தால் சுவையாக இருக்கும். அதற்காக உங்கள் தந்தையை இந்த வயதில் நாதஸ்வரம் பழகச் சொல்லவில்லை.

உங்கள் தந்தைக்கென்று வரிசைப்படுத்துவதானால், மூக்கைச் சரிசெய்து வேறு முகமூடியோடு ஒரு மாதம் சிபேப்பை மறுபடி முயல வைப்பேன். அப்போதும் முடியாவிட்டால் பல் கருவி, கூடவே ஒருக்களித்த படுக்கை, எடைக் குறைப்பு, அதன் பிறகு மறு பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 15க்கு மேலேயே நின்றால் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும், வேலூர் சி.எம்.சி., பெங்களூரின் பெரிய மருத்துவமனைகள் போன்றவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. எண் இறங்கியது என்று அறிக்கை வரும் வரை சிபேப் இயந்திரத்தை விற்றுவிடாதீர்கள்.

இதற்கிடையே வண்டி ஓட்டுவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஏ.எச்.ஐ. 34 உள்ள ஒருவர் சிகிச்சை இல்லாமல் தொப்பூர் கணவாயில் சுமை ஏற்றிய லாரியை இறக்குகிறார். கண் சொக்குவது மூன்று வினாடிதான் என்றாலும், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஐம்பது மீட்டர் போய்விடும். டீயும் பான்மசாலாவும் அதைத் தடுக்காது. சிகிச்சை நிலைப்படும் வரை இரவு ஓட்டத்துக்கு வேறு ஓட்டுநரை வையுங்கள். பகலிலும் கொட்டாவி தொடர்ந்து வந்தால் வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிடம், ஒருக்களித்தே, படுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அம்மா அருகில் இருக்கும் இரவுகளில் மூச்சு நிற்பதை அவரைக் கைப்பேசியில் காணொளியாக எடுக்கச் சொல்லி, அதை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்; ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லும் அப்பாக்களும் அதைப் பார்த்த பிறகு பெரும்பாலும் முகமூடிக்கு இறங்கி வருவார்கள்.